ஃப்ளாட்லாண்டர் என்கிறார்கள். கோபப்படுவதா, சிரிப்பதா?

கோத்தகிரியான் எழுதியது:

வெர்மான்ட் மாநிலத்தில், பர்லிங்டனுக்குக் கிழக்கே ஒரு சின்ன டவுனில் வீடு வாங்கி இருக்கிறோம். வெளியிலிருந்து வந்து குடியேறுகிறவர்களுக்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஃப்ளாட்லாண்டர், அதாவது சமவெளிக்காரன். மலை தெரியாது, குளிர் தெரியாது, மார்ச் ஏப்ரலில் பனி உருகி மண்ரோடு முழுக்கச் சேறாகும்போது வண்டியை எந்தத் தடத்தில் விடுவது என்று தெரியாது, மாட்டிக்கொண்டால் டிராக்டர் வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் நிற்பான், இத்தனையும் அந்த ஒரு பெயருக்குள் அடக்கம்.

எனக்கு இதில் ஒரு தனி எரிச்சல் உண்டு. இந்த மாநிலத்தின் மிக உயரமான மேன்ஸ்ஃபீல்ட் சிகரமே 4,393 அடிதான். கோத்தகிரி கடைத்தெரு அதைவிட ஆயிரம் அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்தவனை இவர்கள் சமவெளிக்காரன் என்கிறார்கள்! படம் காட்டி விளக்கியும் பார்த்துவிட்டேன். "அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அதையேதான் சொல்கிறார்கள்.

முகத்துக்கு நேராகச் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். என் மனைவி இது சும்மா கிண்டல் என்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் ஊர்களில், அமெரிக்காவோ இங்கிலாந்தோ நம்ம ஊரோ, இந்த மாதிரிப் பெயர்கள் என்னென்ன, சொல்கிறவர்கள் மனதில் உண்மையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

பாலத்துக்குக்கீழே எழுதியது:

என் பெயரைப் பாருங்கள், அதுவே பதில். மிச்சிகனின் மேல் தீபகற்பத்துக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவே மேக்கினா பாலம், 1957ல் திறந்தது. மேலே இருப்பவர்கள் தங்களை யூப்பர் என்று சொல்லிக்கொள்வார்கள். கீழே இருக்கிற நாங்கள் எல்லோரும் டிரோல், கதைகளில் பாலத்துக்கு அடியில் குடியிருக்குமே அந்தப் பூதம். அப்புறம் ஃபட்ஜி என்று ஒன்று. சுற்றுலா வந்து ஃபட்ஜ் மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டுப் போகிறவன்.

டிரோலைவிட ஃபட்ஜிதான் கீழ்மட்டம் என்று நினைக்கிறேன். டிரோல் என்றால் நீயும் மிச்சிகன்காரன்தான், பாலத்துக்குத் தப்பான பக்கத்தில் பிறந்துவிட்டாய், அவ்வளவுதான். ஃபட்ஜி பர்ஸைத் திறந்துவிட்டுக் கிளம்ப வேண்டியவன்.

சும்மாஒருத்தன் எழுதியது:

எல்லோரும் ரொம்பச் செல்லமாகப் பேசுகிறீர்கள். நியூ ஜெர்சியிலிருந்து வந்த வெள்ளைக்காரனை ஃப்ளாட்லாண்டர் என்பதும் கோத்தகிரியிலிருந்து போன உங்களை ஃப்ளாட்லாண்டர் என்பதும் ஒன்றா? யோசித்துச் சொல்லுங்கள்.

கோத்தகிரியான் எழுதியது:

யோசித்துவிட்டேன், வினோதமாக அதுதான் எனக்கு நிம்மதி தந்த விஷயம். இங்கே பத்துக்கு ஒன்பது பேர் வெள்ளையர். "நீ நிஜமாக எந்த ஊர்" என்ற கேள்வி வேறு ரகம், அதுவும் வரும், ஆனால் அதை இந்த வார்த்தையோடு சேர்க்க மாட்டேன். ஃப்ளாட்லாண்டர் என்பது முதலில் மாசசூசெட்ஸ், கனெக்டிகட், நியூயார்க், நியூ ஜெர்சி ஆட்களுக்கு வைத்த பெயர். அந்தக் கூட்டத்தில் என்னையும் சேர்த்துத் திட்டுகிறார்கள் என்றால் அது ஒருவகைச் சமத்துவம்தானே.

இதற்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. 1960ல் இந்த மாநிலத்தின் மொத்த ஜனத்தொகை 3,90,000 கூட இல்லை. 1980ல் 5,11,000 தாண்டிவிட்டது. இடையில் நடந்தது இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை, பனிச்சறுக்கு விடுதிகள், நகரம் வேண்டாம் என்று கிளம்பி வந்து ஆடு வளர்த்த நீளமுடி இளைஞர் கூட்டம். மலைச்சரிவெல்லாம் பிளாட் போட்டு விற்கிறார்களே என்று பயந்து 1970ல் நில மேம்பாட்டுக்குக் கடிவாளம் போட ஆக்ட் 250 என்று ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். பெரிதாக எதையாவது கட்ட வேண்டும் என்றால் இன்றும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். 2000ல் ஒரே பாலினத்தவரின் இணைப்புக்கு இந்த மாநிலம் சட்ட அங்கீகாரம் கொடுத்தபோது மாட்டுக்கொட்டகைச் சுவர்களில் "வெர்மான்டைத் திரும்ப எடுப்போம்" என்ற பலகைகள் தொங்கின. யாரிடமிருந்து என்று பலகையில் எழுதவில்லை. பலபேர் மனதில் இருந்த பதிலில் நாங்களும் உண்டு.

பிள்ளைகள் இங்கேயே பிறந்தால் கணக்கு தீர்ந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் எல்லா ஊரிலும் சொல்கிற ஒரு பழைய நக்கல், "பூனை ஓவனுக்குள்ளே குட்டி போட்டால் குட்டிகள் பிஸ்கட் ஆகிவிடுமா?"

மேப்பிள்காப்பி எழுதியது:

ஃப்ளாட்லாண்டர் என்று சொல்லி ஒரு ஆளைத் தேர்தலிலேயே காலி பண்ணின கதை தெரியுமா யாருக்காவது? 1998, ரிபப்ளிகன் கட்சியில் செனட் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். ஜாக் மக்மல்லன் என்று ஒரு பணக்காரர், மாசசூசெட்ஸிலிருந்து அப்போதுதான் வெர்மான்டுக்கு வந்திருந்தார். எதிரில் டன்பிரிட்ஜ் ஊரைச் சேர்ந்த ஃப்ரெட் டட்டில், 79 வயது, ஓய்வுபெற்ற பால்பண்ணைக்காரர், பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். விவாதத்தில் டட்டில் கேட்டார், பசுவுக்கு எத்தனை காம்பு? மக்மல்லன் ஆறு என்றார்! போச்சு. அப்புறம் ஒரு பட்டியலை நீட்டி ஊர்ப்பெயர்களைப் படிக்கச் சொன்னார், அதிலும் தடுமாறினார் மனுஷன். டட்டில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார். ஜெயித்த பிறகு, பொதுத்தேர்தலில் என் ஓட்டு எதிர்க்கட்சி பேட்ரிக் லேஹிக்குத்தான் என்று சொல்லிவிட்டார். லேஹியும் சுலபமாக ஜெயித்தார்.

வந்தவன் என்பதற்காக மட்டும் மக்மல்லன் தோற்றதாக நான் நினைக்கவில்லை. வந்த வேகத்தில் ஊரைப் பிரதிநிதித்துவம் பண்ணக் கிளம்பியதுதான் உறுத்தியது.

சும்மாஒருத்தன் எழுதியது:

அப்படியானால் வெர்மான்ட் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ்? நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர், இன்றுவரை புரூக்ளின் மாதிரியே பேசுகிறவர். அவரை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

மேப்பிள்காப்பி எழுதியது:

1968ல் வந்தார். எழுபதுகள் முழுக்க நின்ற தேர்தலில் எல்லாம் தோற்றார். 1981ல் பர்லிங்டன் மேயர் பதவியை 10 ஓட்டு வித்தியாசத்தில் பிடித்தார். அதாவது வந்து பதிமூன்று வருஷம் கழித்து, அதுவும் பத்தே பேர் தயவில். சுலபமாக ஏற்றுக்கொண்டார்கள் என்றா சொல்கிறீர்கள்?

இன்னொன்று, கோத்தகிரியான் தெரிந்துகொள்ள வேண்டியது. உங்கள் நிலத்தைச் சுற்றி "அத்துமீறாதே" பலகை வைத்தீர்களா? அங்கே ஃப்ளாட்லாண்டர் என்ற பெயர் கெட்ட வார்த்தையாக மாறுகிற இடம் அதுதான். வெர்மான்ட் அரசியல் சட்டத்திலேயே, 1777லிருந்து, வேலி போடாத பிறர் நிலத்தில் காலம் பார்த்து வேட்டையாடும் உரிமை ஜனங்களுக்கு இருக்கிறது. தடுக்க நினைத்தால் பலகை வைத்து, வருஷா வருஷம் அதில் தேதி போட்டு, டவுன் கிளார்க்கிடம் பதிவு செய்ய வேண்டும். தாத்தா காலத்திலிருந்து மான் வேட்டைக்கு நடந்த பாதையில் ஒருநாள் மஞ்சள் பலகை தொங்கினால், யார் தொங்கவிட்டது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

கோத்தகிரியான் எழுதியது:

வீட்டை விற்றவர் வைத்த பலகை ஒன்று இருக்கிறது, தேதி மங்கிப்போய். நாளைக்கே கழற்றுகிறேன் 😀

வேலிக்கருவை எழுதியது:

மேப்பிள்காப்பி சொன்ன பலகை விஷயம் அப்படியே எங்கள் ஊர்க் கதை. சிறுமலை அடிவாரம். இங்கே பத்து இருபது வருஷமாக மதுரை, சென்னை, பெங்களூர் ஆட்கள் தோட்டம் வாங்குகிறார்கள். வாங்கினவரைக் கடைசிவரை பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். முதலில் அசலூர்க்காரர். கிரயம் முடிந்து கேட் போட்டால் பங்களாக்காரர், அங்கே பங்களா இல்லாவிட்டாலும் சரி, தகரக் கொட்டகைதான் நின்றாலும் சரி. அவரே கிணற்றில் இருந்து பக்கத்துக் காட்டுக்கு ஒரு நாள் தண்ணீர் விட்டால் "நம்ம தோட்டத்துக்காரரு" ஆகிவிடுவார். வண்டிப்பாதையில் கல்லுக்கால் நட்டு கம்பிவேலி இழுத்தார் என்றால் அன்று சாயங்காலமே டீக்கடையில் "பொழைக்க வந்தவன்", "வந்தான் வரத்தான்", அதற்கு மேலும் வரும், இங்கே எழுத முடியாது. "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டின கதையால்ல இருக்கு" என்று யாராவது ஒரு பெரியவர் முடித்துவைப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது, பொழைக்க வந்தவன் என்று திட்டப்படுகிறவர் திட்டுகிறவரைவிடப் பத்து மடங்கு வசதியானவர். வயிற்றுப்பாட்டுக்காக வந்தவன் என்ற அர்த்தம் அங்கே எடுபடவே எடுபடாது. ஆனாலும் அந்த வார்த்தைதான் வாயில் வருகிறது. ஏனென்றால் ஊர்க்காரன் கையில் மிச்சம் இருப்பது நான் உனக்கு முந்தினவன் என்கிற ஒன்றுதான். ஏக்கர் விலை எகிறிப்போய் தன் பையனுக்கே நிலம் வாங்க முடியாதவன் வேறு எதைச் சொல்வான்?

ஆகவே கோத்தகிரியான் அண்ணா, என் அனுபவத்தில் பெயரை வைத்து எடை போடாதீர்கள். பெயர் எப்போது மாறுகிறது என்று பாருங்கள்.

உப்புக்காற்று எழுதியது:

இங்கிலாந்தின் கார்ன்வாலில் சுற்றுலாக்காரர்களை எம்மெட் என்பார்கள், எறும்பு. கூட்டம் கூட்டமாக வந்து எல்லாவற்றையும் மொய்ப்பதால். பக்கத்து டெவனில் கிராக்கிள். இரண்டுமே ஐஸ்க்ரீம் கடை வரிசையில் சொல்கிற சொற்கள், பெரிதாக யாரும் அலட்டிக்கொள்வதில்லை. ஆனால் இரண்டாம் வீடு வாங்கி வருஷத்தில் பதினொரு மாதம் பூட்டி வைத்திருப்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் முகமே மாறிவிடும், அப்போது எறும்பு கிறும்பு என்று விளையாட்டே இருக்காது. கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸில் 2016ல் ஓட்டெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டுகிற வீடுகளில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள்தான் இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். ஆதரவு 80 சதவீதத்துக்கும் மேல். வேலிக்கருவை சொல்வதோடு ஒத்துப்போகிறேன்.

மேலூர்க்காரி எழுதியது:

இவ்வளவு ஆம்பளைகள் எழுதியும் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லையா? நம்ம ஊர்க் கிராமங்களில் குடியிருக்கும் கல்யாணமான பெண்களில் முக்கால்வாசிப் பேர் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். கட்டிக்கொடுத்த நாளிலிருந்து பிறந்த ஊர்ப் பெயர்தான் பெயர். என் மாமியார் வீட்டுத் தெருவில் நான் மேலூர்க்காரி, எதிர்வீட்டில் நத்தத்துக்காரி, கோடி வீட்டில் கொட்டாம்பட்டியா. என் சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. என் மாமியாருக்கு எழுபது வயசுக்கு மேல், அவரையும் இன்னும் அவர் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் அந்த ஊருக்குப் போயே பல வருஷம் ஆயிற்று, அங்கே அவருக்கு யாரும் இல்லை.

இதில் பாசமும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரியம்மா முறை உள்ளவர் "ஏ மேலூரா, வா சாப்பிட" என்றால் அது பாசம். குழம்பில் உப்பு கூடினால் "மேலூர்ல இப்படித்தான் வைப்பாகளோ" என்றால் அது வேறு. அதே பெயர், ஊரையே கூண்டில் ஏற்றிவிடுவார்கள்.

ஆணுக்கு இது நடப்பது வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனால் மட்டும்தான். அப்போது ஊரே அவரை "மாப்ளை" என்று கூப்பிடும், கேட்க மரியாதையாக இருக்கும். ஊர்க்கூட்டத்தில் வாய் திறந்தால் "மாப்ளை நீங்க சும்மா உட்காருங்க" என்பார்கள்.

பாலத்துக்குக்கீழே எழுதியது:

மேலூர்க்காரி எழுதினதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத வரவில்லை. என் அம்மாவை எங்கள் ஊரில் எல்லோரும் வாடிப்பட்டியா என்பார்கள், அதைப் பட்டப்பெயர் என்று நினைத்ததே இல்லை.

பேச்சை மாற்றுவதற்காக இல்லை, அலாஸ்காவில் இருந்த ஒரு நண்பர் சொன்னது ஞாபகம் வருகிறது. அங்கே புதிதாக வந்தவன் சீச்சாக்கோ. ஒரு முழுக் குளிர்காலத்தை, ஆறு உறைவதிலிருந்து உடைவது வரை, தாக்குப்பிடித்தால் அவன் சவர்டோ, புளித்த மாவு, தங்கம் தேடி வந்தவர்கள் ரொட்டிக்காகக் கூடவே வைத்திருந்தது. பெயருக்கே காலாவதித் தேதி இருக்கிறது. நான் கேட்ட பெயர்களிலேயே நியாயமானது அதுதான்.

தேயிலைச்செடி எழுதியது:

கோத்தகிரியான், நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியாது, நானும் கோத்தகிரிதான், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். என் தாத்தா பாட்டி இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, இரண்டு நாடுகளும் போட்ட சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அரசாங்கம் எங்களுக்கு வைத்த பெயர் "தாயகம் திரும்பியோர்". டவுன் பஸ்ஸில், கடையில், பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இருந்த பெயர் சிலோன்காரங்க. கோபம் வந்தால் அகதி. ஓட்டுரிமை, ரேஷன் கார்டு எல்லாம் உள்ள இந்தியக் குடிமக்களை அகதி என்பது.

வேலிக்கருவை அண்ணன் சொல்கிற மாதிரி தண்ணீர் விட்டால் பெயர் மாறும் என்பது கிணறு வைத்திருப்பவருக்குச் சரி. எங்கள் ஆட்கள் எந்தப் பாதையையும் மறிக்கவில்லை, எந்த நிலத்தின் விலையையும் ஏற்றவில்லை. 1968ல் காட்டை வெட்டி அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் கொழுந்து பறித்தார்கள், அவ்வளவுதான். பெயர் மாறவில்லை. இப்போது மூன்றாம் தலைமுறை, நான் இலங்கையைப் பார்த்ததுகூட இல்லை, "அவ சிலோன்காரவுக பொண்ணு" என்றுதான் கல்யாணப் பேச்சே ஆரம்பிக்கும்.

இதில் பாட்டி சொல்லிச் சிரிக்கிற விஷயம் ஒன்று உண்டு. அங்கே அவர்களுக்கு இந்தியாக்காரர்கள் என்று பெயர்.

பனங்கிழங்கு எழுதியது:

தங்கச்சி எழுதினதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருவர் வாய் திறக்காமல் இருப்பது சரியில்லை. இந்தியாக்காரர் என்பது மரியாதையான பெயர். எங்கள் ஆட்களே வைத்த மற்றப் பெயர்களும் இருக்கின்றன. தோட்டக்காட்டான். வடக்கத்தியான். கள்ளத்தோணி. வன்னிப் பக்கம் கூலிக்கு வந்து குடியேறின மலையகச் சனத்தை இப்படிக் கூப்பிட்டதை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

கள்ளத்தோணி என்பதன் அநியாயம் என்னவென்றால், அந்தச் சனத்தில் எத்தனையோ பேரின் பாட்டன் பூட்டன் மண்டபம் முகாமில் பதிந்து, எந்தத் தோட்டம் என்று எழுதிய தகரச் சீட்டோடு, கம்பனி கூட்டி வந்த ஆட்கள். களவாய் வந்தவர்கள் என்ற பெயரை அவர்களுக்கே ஒட்டினார்கள். ஒட்டினது வாயோடு நிற்கவில்லை. 1948ன் 18ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964ல் அந்த சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள், மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974ல் பாதிக்குப் பாதி. மீதியாக இருந்த கணக்குத் தீர 2003 வரைக்கும் போனது.

ஆகவே ஃப்ளாட்லாண்டர் என்று சிரித்துக்கொண்டு சொல்வதும் இதுவும் ஒரே பட்டியலில் வருமா என்று எனக்குச் சந்தேகம். ஒரு வித்தியாசம் தெளிவாய்த் தெரிகிறது, உங்களிடம் அந்த வீட்டின் உறுதிப் பத்திரம் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. அது இல்லாதவனுக்குப் பெயர் விளையாட்டு இல்லை.

சும்மாஒருத்தன் எழுதியது:

வடக்கத்தியான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யாழ்ப்பாணத்தில் அது நம்மைச் சொன்ன வார்த்தையா! இங்கே இப்போது டெல்டாவில் நடவு நட மேற்கு வங்கத்திலிருந்து ஆள் வருகிறார்கள், திருப்பூரில் பனியன் கம்பெனி முழுக்க பீகார், ஒடிசா. அவர்களை நம்ம பசங்கள் வடக்கன் என்கிறார்கள், அதையும் "சும்மா கிண்டல்தான்" என்றுதான் சொல்கிறார்கள். 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் சுற்றி, தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியபோது, மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள் பலர். வீடியோ பொய்தான், ஆனால் தினமும் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருப்பவன் அதை நம்புவது ஆச்சரியமா?

வேலிக்கருவை எழுதியது:

தேயிலைச்செடி சொன்னது சரி, நான் சொன்னது நிலம் வாங்கி வருகிறவனுக்குப் பொருந்துகிற கணக்கு. கூலிக்கு வருகிறவனின் பெயர் அவன் என்ன செய்தாலும் மாறாது போலிருக்கிறது, அவனை வேலைக்கு வைத்திருப்பவனின் மனசு மாறினால்தான் உண்டு.

கோத்தகிரியான் எழுதியது:

தேயிலைச்செடி, நான் கட்டபெட்டுப் பக்கம். உங்கள் லைன் வீடுகள் எங்கள் பஸ் ரூட்டில்தான். ஊருக்கு வரும்போது பேசுவோம்.

வேலிக்கருவை, ஒரு கேள்வி. இங்கே மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை டவுன் மீட்டிங். ஊரே கூடி உட்கார்ந்து ரோடு செலவு, பனி அள்ளுகிற வண்டி வாங்குவது எல்லாவற்றுக்கும் கை தூக்கி ஓட்டுப் போடும். புதுசாக வந்தவனும் ஓட்டராகப் பதிந்திருந்தால் எழுந்து பேசலாம், சட்டப்படி தடையே இல்லை. ஆனால் முதல் வருஷமே எழுந்து பேசினவரைப் பற்றி அடுத்த வருஷம் வரை பேசுகிறார்கள். நம்ம ஊரில் இந்த மாதிரி, நீ இனிமேல் ஊர்க்காரன்தான் என்று சொல்கிற கட்டம் எது?

வேலிக்கருவை எழுதியது:

தலைக்கட்டு வரி. கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடுவார்கள். பங்களாக்காரர் லட்சம் ரூபாய் நன்கொடை கொடுத்தாலும் நோட்டீஸில் பெயர் போட்டு, சால்வை போர்த்தி அனுப்பிவிடுவார்கள், அது நன்கொடைக் கணக்கு. வரி நோட்டில் பெயர் ஏறாது. நோட்டில் ஏறினால்தான் பிரசாதம் வீட்டுக்கு வரும், ஊர்க்கூட்டத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள், சாவு விழுந்தால் ஊர் வந்து நிற்கும். எங்கள் ஊரில் இப்போது இருக்கிற தோட்டக்காரர்களில் ஒரே ஒருத்தர் ஏறியிருக்கிறார், டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர், வரி நோட்டு எழுதுகிறவரின் பேத்திக்கு சும்மா பாடம் சொல்லிக்கொடுத்தவர். அதுவும் ஒரு வருஷம் கூட்டத்தில் பெரிய சண்டை நடந்த பிறகு.

இன்னும் ஒன்று, எந்தச் சாதி என்று பார்க்காமல் எந்த ஊரும் நோட்டில் ஏற்றாது. அதை மறைத்துவிட்டு எழுதினால் நான் எழுதினது பாதிப் பொய்.

மேலூர்க்காரி எழுதியது:

அந்த நோட்டில் பொம்பளை பெயர் எப்போது ஏறும் தெரியுமா? புருஷன் செத்தால். எங்கள் ஊரில் அப்போதும் பாதி வரிதான். நத்தத்துக்காரி வீட்டுக்காரர் போன வருஷம் தவறிவிட்டார், இந்தத் திருவிழாவுக்கு நோட்டில் எழுத வந்தவர்கள் அவரிடமே "உங்க பேரு என்ன" என்று கேட்டார்கள். முப்பது வருஷமாக அதே தெருவில் இருக்கிறார். சொல்லிவிட்டு, முழு வரி போட்டுக்கோங்க என்று காசை எடுத்து நீட்டினார். வாங்கலாமா கூடாதா என்று இன்னும் கூட்டத்தில் முடிவாகவில்லை.